நோயுற்ற காலத்தில் புரத உணவு
(இல்லறத்தார்க்கு ஒரு பாடம்)

உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களை இல்லறத்தார்க்கு உரியனவாக நம் முன்னோர் வகுத்தனர். இவற்றுள் முதலிரண்டும் வெவ்வேறானவை என்றே நாம் பொதுவாகக் கருதுகிறோம். ஆனால் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர் ஒருவர் இல்லத்தில் இருக்கும்போது, உணவும் மருந்தும் ஒன்றாகிவிடுகின்றன. மருத்துவர் தரும் மருந்தைத் தாங்கி நிற்கும் வலிமையை உடலுக்குத் தருவது உணவே. அவ்வுணவிலும் புரதம் குறைந்தால் சிகிச்சையே தடைப்படுதல் உண்டு.

இந்நோயுற்றோர் உள்ள நம் குடும்பங்களில் மூன்று ஐயங்கள் திரும்பத் திரும்ப எழக் காண்கிறோம். "முட்டை உண்ணாதவர்க்குப் புரதம் கிடைக்குமா?" என்பது ஒன்று. "கடைகளில் விற்கும் புரத மாவை நாம் பயன்படுத்தலாமா?" என்பது மற்றொன்று. "நோயின்போது விரதங்களை எவ்வாறு காப்பது?" என்பது மூன்றாவது. இம்மூன்றிற்கும் விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. உடல் இளைப்பது ஏன்?

புற்றுநோயால் உடல் இளைப்பதும், பட்டினியால் உடல் இளைப்பதும் ஒன்றல்ல. பட்டினி கிடப்பவர் உடல் முதலில் கொழுப்பைச் செலவிட்டுத் தசையைக் கூடியவரை காத்துக்கொள்ளும். புற்றுநோயில் அவ்வாறன்று. நோயினால் உடலெங்கும் எழும் அழற்சி, தசையையும் சேர்த்தே கரைக்கிறது. அதனோடு பசியும் மங்குகிறது. கீமோதெரபி என வழங்கும் வேதிச்சிகிச்சையால் குமட்டல், வாய்ப்புண், சுவை மாற்றம், வயிற்றுப்போக்கு ஆகியவை தோன்றலாம். கழுத்திலும் வாயிலும் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுவோர்க்கு உமிழ்நீர் வற்றி, விழுங்குதல் துன்பமாகும். ஆகவே, தேவை மிகும் காலத்திலேயே வரவு குறைகிறது.

ஆறு மாதங்களுக்குள் தம் விருப்பமின்றி உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கிற்கு மேல் குறைந்தால், அதனை மருத்துவர்கள் தீவிரமாகக் கருதுகின்றனர். 60 கிலோ எடையுள்ளவர்க்கு இது 3 கிலோ மட்டுமே. புடவைக் கட்டும் சட்டையும் தளர்வதைப் பார்த்து, "சிகிச்சை என்றால் இளைக்கத்தானே செய்யும்" என்று இருந்துவிடக் கூடாது. வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறித்து வைத்தல் வேண்டும்.

எம் உறவினர் இல்லத்தில் நிகழ்ந்தது ஒன்றை இங்குக் கூறுதல் பொருந்தும். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த அம்மையார் ஒருவரிடம், "புரதம் உண்டால் கட்டி வளரும், பருப்பை நிறுத்திவிடுங்கள்" என்று அக்கம்பக்கத்தார் கூறினர். அவரும் கஞ்சித் தெளிவையும் ரசச் சோற்றையும் மட்டுமே உண்டு வந்தார். 54 கிலோவாக இருந்த எடை, மூன்றாம் முறை மருந்து ஏற்றும்போது 48 கிலோவாயிற்று. உடல் தாங்காது எனக் கருதி மருத்துவர் அடுத்த மருந்தை இரு வாரங்கள் தள்ளிவைத்தார். பின்னர் உணவியல் வல்லுநர் ஒருவர் அவருடைய மருமகளை அழைத்து, பருப்பும் பாலும் அளந்து கொடுக்கும் முறையைக் கற்பித்தார். எடை மெல்ல 51 கிலோவுக்கு ஏறியது. சிகிச்சையும் முறைப்படி நிறைவுற்றது.

நோயாளியைப் பட்டினியிட்டால் கட்டி பட்டினி கிடக்கும் என்பது தவறான எண்ணம். உணவு நின்றால், கட்டி தனக்கு வேண்டியதை நோயாளியின் தசையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நல்லுணவு தருவதால் நோயாளிக்குத் தீங்கு விளையும் என்பதற்குச் சான்றில்லை. தராமையால் தீங்கு விளைவதற்குச் சான்று மிகுதி.

2. எவ்வளவு புரதம் வேண்டும்?

நலமுள்ள ஒருவர்க்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட அளவு. (இந்நிறுவனம் 1918இல் நம் குன்னூரில் சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கப்பட்டதென்பது நாம் பெருமையுடன் நினைவுகூரத்தக்கது.) புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர்க்கு இவ்வளவு போதாது. கிலோவுக்கு 1 கிராமுக்குக் குறையாமலும், இயலுமாயின் 1.5 கிராம் வரையிலும் தருதல் நலம் என்பது மருத்துவ உணவியலார் கொள்கை. அதனோடு கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி வரை ஆற்றலும் வேண்டும்.

50 கிலோ எடையுள்ள அம்மையார் ஒருவர்க்குக் கணக்கிட்டுப் பார்ப்போம். புரதம் 50 முதல் 75 கிராம். ஆற்றல் 1,250 முதல் 1,500 கலோரி.

ஆற்றலை ஏன் சேர்த்துக் கூறுகிறோம்? சோறு, நெய், வெல்லம் போன்றவற்றால் வரும் ஆற்றல் குறைந்தால், உடல் புரதத்தையே எரித்து ஆற்றலாக்கிக்கொள்ளும். வீடு கட்ட வாங்கிய மரத்தை அடுப்பில் வைப்பது போன்றது அது. ஆதலின், புரதத்தை மட்டும் கூட்டிச் சோற்றையும் நெய்யையும் குறைப்பதில் பயனில்லை.

3. நம் சமையலறையில் உள்ள புரதம்

சமைக்காத நிலையில் 100 கிராம் பொருளில் உள்ள புரதத்தின் அளவு ஏறத்தாழ வருமாறு:

பாசிப்பருப்பு – 24 கிராம்
உளுத்தம்பருப்பு – 24 கிராம்
துவரம்பருப்பு – 22 கிராம்
பொட்டுக்கடலை – 22 கிராம்
நிலக்கடலை – 25 கிராம்
பன்னீர் – 18 கிராம்
கேழ்வரகு, அரிசி – 7 கிராம்
பசும்பால், தயிர் – 3 கிராமுக்குச் சற்று மிகுதி
கொழுப்பு நீக்கிய பால்மாவு – 35 கிராம்

அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள கூறு பருப்பில் நிறைவாக உண்டு. பருப்பில் குறைவானது அரிசியில் உண்டு. எனவே பொங்கலும் பருப்புச் சோறும் ஒன்றன் குறையை ஒன்று நிறைவு செய்யும் உணவுகள். இரண்டும் ஒரே வேளையில் சேர வேண்டுமென்பதும் இல்லை. ஒரு நாளைக்குள் சேர்ந்தால் போதும்.

இனி, முட்டை பற்றிய ஐயத்திற்கு வருவோம். "நாளுக்கு இரண்டு முட்டை வெண்கரு கொடுங்கள்" என்று மருத்துவமனைகளில் கூறுவதுண்டு. அதைக் கேட்டு மனங்கலங்கி, "உயிரைக் காக்க விரதத்தை விடுவதா, விரதத்தைக் காக்க உயிரை விடுவதா?" என்று தவிக்கும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. அத்தவிப்புத் தேவையற்றது. இரண்டு முட்டை வெண்கருவில் உள்ள புரதம் ஏறத்தாழ 7 கிராம். 200 மில்லி பாலிலோ, 30 கிராம் பருப்பிலோ ஏறத்தாழ அதே அளவு கிடைத்துவிடும். பாற்புரதம் தரத்திலும் குறைந்ததன்று. ஆகவே மருத்துவரிடம் நாணாமல், "நாங்கள் முட்டை உண்பதில்லை, அதற்கு ஈடாக எதனை, எவ்வளவு தரலாம்?" என்று கேட்க வேண்டும். கேட்டால் வழி சொல்வார்கள். சொல்லாமல் மறைத்தால், நோயாளி முட்டை உண்பதாகவே மருத்துவர் கணக்கிடுவார். நாளுக்கு 7 கிராம் குறைவது அவர் அறியாமலே போகும்.

4. பகலுக்குள் ஆறு வேளை

இந்நோயாளிகளால் ஒரே வேளையில் நிறைய உண்ண இயலாது. சிறிது சிறிதாக ஆறு வேளை தருதலே முறை. கதிரவன் மறையுமுன் உண்ணும் நெறியுடைய நமக்கு இது இயலுமா எனின், இயலும். தமிழகத்தில் மார்கழித் திங்களிலும் பகற்பொழுது 11 மணி நேரத்திற்குக் குறைவதில்லை. பலருக்குக் காலையில் குமட்டல் குறைந்தும் பசி மிகுந்தும் இருக்கும்; அத்தகையோர்க்குக் காலை உணவைச் சற்று நிறைவாகவே தரலாம். 50 கிலோ எடையுள்ளவர்க்கு ஓர் எடுத்துக்காட்டு:

காலை 6.45 – பால் 200 மில்லி, அதில் பால்மாவு 15 கிராம் கரைத்தது: புரதம் 11 கிராம்.
காலை 8.45 – அரிசி 50 கிராம், பாசிப்பருப்பு 30 கிராம், நெய் சேர்த்த குழைவான பொங்கல்: 11 கிராம்.
முற்பகல் 10.45 – பொட்டுக்கடலை மாவு 30 கிராம், வெல்லமும் நெய்யும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சி: 6 கிராம்.
பிற்பகல் 12.45 – அரிசி 75 கிராம், துவரம்பருப்பு 40 கிராம், காய், நெய்: 14 கிராம்.
பிற்பகல் 2.45 – பன்னீர் 50 கிராம், கனிந்த பழம்: 9 கிராம்.
மாலை 5.00 – கேழ்வரகு 30 கிராம், பால் 200 மில்லி சேர்த்த கூழ்: 8 கிராம்.

ஆக மொத்தம் ஏறத்தாழ 59 கிராம் புரதம் வருகிறது. ஆற்றலும் 1,500 கலோரிக்குக் குறையாது. பயறும் தயிரும் கலந்துண்ணாத நெறியுடையோர்க்கும் பொருந்துமாறு இதனை அமைத்துள்ளோம்.

நம் பழைய ஒழுக்கங்கள் சில இக்காலத்தில் மிகவும் உதவுவன. சிகிச்சையால் இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறையும் நாள்களில் நோய்த்தொற்று எளிதில் பற்றும். நீரை வடிகட்டிக் காய்ச்சிப் பருகுதல், முதல்நாள் சமைத்ததை மறுநாள் உண்ணாமை, முளைவிட்ட பயறுகளைப் பச்சையாக உண்ணாமை ஆகிய மூன்றையும் இன்று மருத்துவமனைகளும் வலியுறுத்துகின்றன. வாய்ப்புண்ணுக்குத் தேன் தடவச் சொல்வார்கள். நாம் தேனை விலக்குபவர்கள். அதற்குப் பதிலாக, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, நாளுக்குப் பல முறை வாய் கொப்புளித்து உமிழலாம். காரமும் புளிப்பும் தவிர்த்து, உணவை ஆறவைத்துத் தருக.

5. புரத மாவு எப்போது வேண்டும்?

மேலே காட்டிய உணவை முழுதும் உண்ணக்கூடியவர்க்குக் கடைப் புரத மாவு தேவையில்லை. நலமுள்ளோர் உடலை வளர்க்கப் புரத மாவு உண்ண வேண்டாம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் கூறியுள்ளது. ஆனால் நோயாளியின் நிலை வேறு. அவர் இவ்வுணவில் பாதியே உண்டால் 30 கிராம் புரதமே கிடைக்கும். வேளைக்கு 12 கிராம் புரதம் தரும் மாவை இருவேளை கரைத்துக் கொடுத்தால் 24 கிராம் கூடி, 54 கிராம் ஆகும். குறைந்த அளவாகிய 50 கிராமை எட்டிவிடுவோம். சிறிதளவு நீர்மத்தில் மிகுந்த சத்தைத் தருவதே இம்மாவின் பயன். விழுங்க முடியாதவர்க்கும், மூக்கு வழியாகவோ வயிற்றின் வழியாகவோ குழாயிட்டு உணவு பெறுவோர்க்கும் இது பெரிதும் உதவும். இது உணவோடு சேர்வது, உணவுக்கு மாற்றன்று. புற்றுநோயை நீக்கும் மருந்தும் அன்று.

தேர்ந்தெடுக்கும்போது காண வேண்டியவை நான்கு.

முதலாவது, புரதத்தின் அளவு. டப்பாவின் பின்புறம் 100 கிராமுக்கு எவ்வளவு புரதம் என்று அச்சிட்டிருப்பார்கள். சிலவற்றில் 80 கிராம் வரை இருக்கும். சிலவற்றில் அதில் பாதி. பிள்ளைகளுக்குத் தரும் மால்ட் பானங்கள் பலவற்றில் 10 கிராம் அளவே இருக்கும், எஞ்சியதில் பெரும்பங்கு சர்க்கரையும் மாவுச்சத்துமே. டப்பாவின் விலையை அதிலுள்ள மொத்தப் புரதக் கிராமால் வகுத்துப் பாருங்கள். 100 கிராமுக்கு 40 கிராம் புரதமுள்ள 500 கிராம் டப்பாவில் இருப்பது 200 கிராம் புரதம். அவ்வாறே பால்மாவுக்கும் கணக்கிட்டால், பல நேரங்களில் எளிய பால்மாவே சிக்கனமாக இருப்பதை அறியலாம்.

இரண்டாவது, புரதத்தின் மூலம். பாலிலிருந்து எடுப்பவை வே, கேசின் என்பன. பாலைத் திரித்துத் தெளிந்த நீரிலிருந்து வே கிடைக்கிறது. பாலாடைக்கட்டி செய்யும் இடங்களில் பாலைத் திரிக்க விலங்கின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் பயன்படுவதும் உண்டு. தாவர, நுண்ணுயிர் வகை ரென்னெட்டும் உண்டு. இதனை நிறுவனத்திற்கு எழுதிக் கேட்டறியலாம். ஐயமுடையோர் சோயா, பட்டாணி ஆகியவற்றின் புரதத்தை நாடலாம். முட்டைப் புரதம் அல்புமின் என்ற பெயரில் வரும். அதனை அறிந்து விலக்குக. புற்றுநோயாளிகளுக்கெனச் செய்யும் சில பானங்களில் மீன் எண்ணெய் சேர்ப்பதுண்டு.

மூன்றாவது, பச்சைப் புள்ளி. அது இருந்தால் ஊனும் முட்டையும் இல்லை என நம்பலாம். ஆனால் 2020ஆம் ஆண்டின் லேபிள் விதிகளின்படி தேன், தேன்மெழுகு ஆகியவை சேர்ந்த உணவும் பச்சைப் புள்ளி பெறலாம். எனவே நமக்குப் புள்ளி மட்டும் போதாது. சேர்மானப் பட்டியலையும் முழுதும் படிக்க வேண்டும். மருந்துக் கூடுகள் பலவும் விலங்கின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனவை. அதே மருந்து மாத்திரையாகவோ நீர்மமாகவோ கிடைக்குமா என்று கேட்கலாம். ஆனால் மருத்துவரைக் கேளாமல் கூட்டைப் பிரித்து மருந்தைக் கொட்டி உண்ணலாகாது. கிடைக்காத நிலையில் சிகிச்சை மருந்தை நிறுத்திவிடுதலும் தகாது.

நான்காவது, நோயாளியின் பிற நிலைகள். சிறுநீரகம் பழுதுற்றோர்க்கு மிகுந்த புரதம் தீங்காகலாம். வேதிச்சிகிச்சை மருந்துகள் சில சிறுநீரகத்தைத் தாக்குவன. நீரிழிவுள்ளோர் சர்க்கரை சேராத மாவையே நாட வேண்டும். வயிற்றுப்போக்கின்போது சிலர்க்குப் பால் ஒவ்வாது. மார்பகப் புற்றுநோயுடையோர் சோயாவை உணவாக அளவோடு உண்பதில் அச்சமில்லை. சோயாச் சாற்றிலிருந்து செறிவூட்டிய மாத்திரைகளைத் தவிர்க்க. ஆதலின் எந்த மாவையும் மருத்துவரையோ உணவியல் வல்லுநரையோ கேட்டே தொடங்குக. மூலிகைப் பொடிகளும் அரிட்டங்களும் சிகிச்சை மருந்தோடு மாறுபடலாம். அவற்றையும் சொல்லாமல் கொடுத்தல் கூடாது.

டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டியார் முயற்சியால் 1954இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையமும், காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அரசு அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும் நம்மவர் பலரும் நாடும் இடங்கள். எம்மருத்துவமனையாயினும், முதல் நாளிலேயே நம் உணவு நெறியைக் குறிப்பேட்டில் எழுதச் செய்தல் நன்று.

6. விரதமும் நோயும்

சிகிச்சைக் காலத்தில் நோன்பிருக்க விரும்பும் முதியோர் பலர். அவர்தம் பற்றைப் போற்றுகிறோம். ஆயினும் நூல் கூறுவதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். சமந்தபத்திர ஆசாரியர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் சல்லேகனைக்கு உரிய சூழல்களைக் கூறுமிடத்து, நோயைப் பற்றிச் சொல்லும்போது தீர்க்க வழியற்ற நோய் என்றே வரையறுக்கிறது. தீர்க்கக்கூடிய நோய்க்கு மருந்தும் உணவும் மறுப்பது அந்நெறியன்று. அறியாமையால் இரண்டையும் ஒன்றாக எண்ணலாகாது.

அவ்வாசாரியரின் வரலாறாக மரபு கூறுவதும் இதனையே உணர்த்தும். எவ்வளவு உண்டாலும் தணியாத பசியைத் தரும் பஸ்மக வியாதி அவரைப் பற்றியது. துறவொழுக்கத்தில் நின்று அந்நோயைத் தீர்க்க இயலாமையால், சல்லேகனைக்கு இசைவு வேண்டித் தம் குருவை அணுகினார். குரு இசையவில்லை, நோய் தீரும் வரை உண்டு, உடல்நலம் பெற்று, மீண்டும் தீக்கை கொள்ளப் பணித்தார். அவரும் அவ்வாறே நலம்பெற்று, மீண்டும் துறவேற்றார் என்பர். அருந்துறவிக்கே குரு அவ்வாறு பணித்தார் எனின், இல்லறத்தார்க்குக் கூற வேண்டுவதில்லை.

மருந்தேற்றிய நாள்களில் மிகுந்த நீர் பருகச் சொல்வதுண்டு. சில மருந்துகள் சிறுநீர்ப்பையையோ சிறுநீரகத்தையோ புண்படுத்தாதிருக்க அது இன்றியமையாதது. இரவில் நீரும் அருந்தாத விரதமுடையோர் இதனை முன்னரே மருத்துவரிடம் கூறி, பகலில் பருகும் அளவை அறிந்துகொள்ள வேண்டும். இரவில் பருகியே ஆகவேண்டுமெனில், விரதம் தந்த பெரியோரிடம் நிலையைச் சொல்லி வழி பெறுக. நோன்பிற்குப் பதிலாக வாய்மை, பொறுமை, நூல் கேட்டல், பிறர்க்கு ஈதல் ஆகிய நோன்புகளை அக்காலத்தில் கைக்கொள்ளலாம்.

சிகிச்சை இனிப் பயன்தராது என மருத்துவர் கூறிய இறுதி நிலையில் மட்டும் கணக்கு மாறுகிறது. அப்போது கிராம் எண்ணி ஊட்டுதல் துன்பமே தரும். நோயாளி விரும்பியதை, விரும்பிய அளவு தந்து, வலி நீக்கி, அமைதி காத்தலே அப்போதைய கடமை.

மீள்பார்வை வினாக்கள்

1. பட்டினியால் இளைப்பதற்கும் புற்றுநோயால் இளைப்பதற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. 44 கிலோ எடையுள்ள நோயாளிக்கு நாளொன்றுக்கு எவ்வளவு புரதம் வேண்டும்? (விடை: 44 முதல் 66 கிராம் வரை.)
3. இரண்டு முட்டை வெண்கருவுக்கு ஈடாக நம் இல்லத்தில் எவற்றைத் தரலாம்?
4. பச்சைப் புள்ளியுள்ள டப்பாவிலும் நாம் சேர்மானப் பட்டியலைப் படிப்பது ஏன்?
5. உங்கள் இல்லத்தில் உள்ள ஏதேனும் ஒரு சத்துமாவு டப்பாவை எடுத்து, ஒரு கிராம் புரதத்தின் விலையைக் கணக்கிடுக.

ஐந்தாம் வினாவிற்கான விடையைப் பிள்ளைகளைக் கொண்டே காணச் செய்யுங்கள். அளவறிந்து ஊட்டும் கலை இல்லத்திலுள்ள ஆண், பெண் அனைவர்க்கும் பொதுவாக வேண்டும். நோய் வரும்போது கற்கலாம் என்றிருப்பதைவிட, நலமுள்ளபோதே கற்று வைப்பது நன்று.